ஊசியும் உருக்காலையும்

2021 ஏப்ரல் 15. சித்திரை பிறந்து மறுநாள். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். சுற்றிலும் கேமராக்கள். அவர் நினைத்திருந்தால் தனியார் மருத்துவமனையில் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சாதாரண மக்கள் வருவது அரசு மருத்துவமனைக்குத்தான். அவர்களின் பயம் போகட்டும் என்றுதான் அங்கே போனார்.

மறுநாள் காலை வீட்டில் மயங்கி விழுந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு. 17-ம் தேதி அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 59.

மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தே 'சின்னக் கலைவாணர்' என்று பெயர் வாங்கிய மனிதர். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஒரு கோடி மரக்கன்றுகள் நடுவதை இலக்காக வைத்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் குழி தோண்டியவர். அவருடைய மரணமே ஒரு வதந்திக்கு விதையாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சுகாதாரத்துறையும் சொன்னது. ஆனால் 'ஊசி போட்டார், மறுநாள் விழுந்தார்' என்ற நான்கு வார்த்தைக்கு முன்னால் எந்த மருத்துவ விளக்கமும் எடுபடவில்லை. மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று அறிவித்தபோது அக்டோபர் வந்துவிட்டது. ஆறு மாதம்! வாட்ஸ்அப்பில் ஆறு மாதம் என்பது ஒரு யுகம்.

விவேக் பிறந்தது தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில். 'நம்ம ஊர்க்காரர்' என்று கொண்டாடிய மாவட்டம் அது. அந்த மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு அப்போது கிராம சுகாதார செவிலியராக இருந்தவரை 'நர்ஸம்மா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயர் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 45 வயது தாண்டியவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மார்ச் கடைசியிலிருந்தே வீடு வீடாக நடந்துகொண்டிருந்தார். சுமாராகப் பெயர் சேர்ந்திருந்தது. 17-ம் தேதிக்குப் பிறகு பட்டியல் அப்படியே நின்றுவிட்டது. பெயர் கொடுத்தவர்களுக்கே திடீரென்று ஊரில் துஷ்டி, மகள் வீட்டில் விசேஷம், முழங்கால் வலி.

ஒருவர் மட்டும் சாக்குச் சொல்லவில்லை. உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரிய ஆச்சி. திண்ணையில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"கம்பெனிப் புகையில ஒண்ணுமில்லன்னு சொன்னதும் கவர்மெண்ட்டுதான். தண்ணியில ஒண்ணுமில்லன்னு சொன்னதும் கவர்மெண்ட்டுதான். இப்போ ஊசியில ஒண்ணுமில்லன்னு சொல்லுதியளே தாயி, எதை நம்பச் சொல்லுதிய?"

நர்ஸம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

தடுப்பூசிக்குப் பயந்தவர்களை 'அறியாமை', 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. டி.வி விவாதங்களில் தினமும் அதுதான் நடந்தது. ஆச்சியின் கேள்வி அறியாமையிலிருந்து வந்ததில்லை. அவருக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதான்.

மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் மாம்பழ விவசாயிகள் எதிர்த்து நிறுத்திய ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை, 1994-ல் தூத்துக்குடிக்கு வந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல், நிறம் மாறிய நிலத்தடி நீர் என்று புகார்கள் வந்தபோதெல்லாம், எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்பதே நிர்வாகத்தின் பதில். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே தீர்ப்பில், சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக ஆலைக்கு 100 கோடி ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கிறவருக்கு இது எப்படிப் புரியும்? கெடுத்தது உண்மை, ஆனால் நடக்கலாம் என்றுதானே?

2018 மே 22. போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன கூட்டத்தின்மீது துப்பாக்கிச்சூடு. 13 பேர் உயிரிழந்தார்கள். அதில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த சிறுமியும் உண்டு. அந்த வாரமே அரசு ஆலைக்குச் சீல் வைத்தது. துப்பாக்கிச்சூட்டில் காவல்துறை வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சொன்னது, அதற்கும் நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது அதிகாரபூர்வமாக வெளியானது.

மறுபக்கமும் உண்டு. விதிகளை மீறவில்லை என்றே நிறுவனம் கடைசிவரை வாதாடியது. ஆலை மூடியதால் வேலை போன ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரி வைத்திருந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். தாமிரத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, அதற்குப் பிறகு இறக்குமதி செய்யவேண்டிய நிலைக்கு வந்தது. இதையெல்லாம் தூத்துக்குடிக்காரர்களும் அறிவார்கள். ஆனால் 13 வீடுகளில் மாலை போட்ட படம் தொங்குகிற ஊரில் இந்தக் கணக்கைப் பேசுவது லேசில்லை.

அந்த மே மாதத்துக்குப் பிறகு தன் கிராமத்தில் ஒரு மாற்றத்தை நர்ஸம்மா கவனித்திருந்தார். அரசாங்க முத்திரை போட்ட நோட்டோடு யார் வந்தாலும் பேச்சு நின்றுவிடும். கர்ப்பிணிகளின் ரத்த அளவு எழுதப் போனால்கூட, "எதுக்குப் பேரெல்லாம் எழுதுதிய?" என்று கேட்டார்கள். பிள்ளைகளின் அரிசி அளவும் தடுப்பூசித் தேதியும் தெரிந்து பேசிக்கொண்டிருந்த ஊர் அது.

விவேக் இறந்த அந்த ஒரு வாரத்துக்குள் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வட இந்தியாவில் ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் மருத்துவமனை வாசல்களில் இறந்துகொண்டிருந்தார்கள். தூத்துக்குடி ஆலை வளாகத்துக்குள் ஆக்சிஜன் தயாரிக்கும் பிரிவு சும்மா கிடந்தது. அதை இயக்க அனுமதி கேட்டு நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. ஏப்ரல் 23 அன்று தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பெரும்பாலானவர்கள் கூடாது என்றார்கள். ஆக்சிஜன் என்ற பெயரில் கதவைத் திறந்தால் அடுத்து தாமிரம் உருகும் என்று பயந்தார்கள். வேண்டுமென்றால் அரசே எடுத்து நடத்தட்டும் என்றும் குரல்கள் எழுந்தன.

அன்று அங்கே கோஷம் போட்டவர்களில் நர்ஸம்மாவின் கிராமத்துப் பையன் ஒருவனும் இருந்தான். பையன் என்றால் முப்பது வயது. மீன் ஏற்றும் குட்டி யானை ஓட்டுகிறவன். 2018-லும் போனவன். அப்போது காலில் அடிபட்டு, போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல், இரவில் நர்ஸம்மாதான் வீட்டுக்கு வந்து கட்டுப்போட்டார். அவனுடைய அப்பா, ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி, சர்க்கரை நோயாளி. பட்டியலில் முதல் பக்கத்திலேயே பெயர் இருந்தது. "விவேக்குக்கே இந்தக் கதின்னா, நமக்கெல்லாம் எதுக்குங்கேன்" என்று சிரித்தபடியே தட்டிக் கழித்திருந்தார். மகனும் வற்புறுத்தவில்லை. ஆலையும் ஊசியும் அவனுக்கு அப்போது ஒரே மூட்டையாகத்தான் தெரிந்தன.

ஏப்ரல் 26-ல் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நான்கு மாதம் மட்டும், ஆக்சிஜன் மட்டும் என்று ஒப்புக்கொண்டது. மறுநாள் உச்ச நீதிமன்றம் ஜூலை 31 வரை அனுமதித்தது. தாமிர ஆலைக்குள் யாரும் நுழையக் கூடாது, ஆட்சியர் உள்ளிட்ட குழு கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனைகள்.

படிக்காதவர்கள்தான் தடுப்பூசியைச் சந்தேகிப்பார்கள் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். 1955-ல், சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய தடுப்பூசித் திட்டமான காசநோய்க்கான பி.சி.ஜி-யை வெளிப்படையாக எதிர்த்துப் புத்தகமே வெளியிட்டவர் ராஜாஜி. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஓராண்டுக்கு முன்புவரை முதலமைச்சர். அந்த ஊசி மருந்து தயாரானதோ அவர் ஆண்ட சென்னையின் கிண்டியில்! கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடும் முன், அது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் போதுமா என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய மாபெரும் ஆய்வு நடந்ததும் தமிழ்நாட்டில்தான். 1968-ல் தொடங்கி, செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற பி.சி.ஜி ஆய்வு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. அப்படியானால் ராஜாஜி ஜெயித்தாரா? அதுவும் இல்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து அதே ஊசி காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தையின் இடது தோளில் அது போடப்படுகிறது. சந்தேகப்பட்டவரையும் முட்டாளாக்காமல், ஊசியையும் தூக்கி எறியாமல், எண்ணிப் பார்த்து முடிவு சொன்னது அந்த ஆய்வு. அதற்குப் பொறுமை வேண்டியிருந்தது.

2021-ல் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. கோவாக்சினுக்கு ஜனவரி 3-ல் அவசர அனுமதி கொடுத்தபோது அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவுகள் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நிதானமாகப் பதில் கிடைக்கவில்லை. மருத்துவமனை ஊழியர்களே முதலில் தயங்கினார்கள். 'எந்தப் பக்க விளைவும் இல்லை' என்று மேடைகளில் முழங்கினார்கள். எந்த மருந்துக்கும் அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது என்பது மருந்துக் கடைக்காரருக்கே தெரியும். பத்து பேரில் நான்கு பேருக்குக் காய்ச்சல் வரும் என்று முன்னாடியே சொல்லியிருந்தால், காய்ச்சல் வந்தவர் பயந்திருக்க மாட்டார். ஒன்றும் வராது என்று கேட்டுவிட்டுப் போனவருக்கு லேசாக உடம்பு சுட்டாலே, மறைத்துவிட்டார்கள் என்றுதானே தோன்றும்?

நர்ஸம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனபோது, சம்பந்தமே இல்லாத இந்தக் கோடியில் அவர் பட்ட பாடு அப்படி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போன தாய்மார்கள் உண்டு. அதனால் அவர் மேடைப் பேச்சை விட்டுவிட்டு வேறு ஒன்று செய்தார். ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் மறுநாள் காலையில் போய் நின்றார். காய்ச்சல் இருக்கா, கை வலிக்கா, சாப்பிட்டியளா. அவ்வளவுதான். சுவரில் கரியால் தன்னுடைய போன் நம்பரை எழுதிவைத்தார். நடுராத்திரி கூப்பிட்டாலும் எடுத்தார். ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு மே முதல் வாரத்தில் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் சுக்குக் கஷாயம். நான்காவது நாள் பேச்சு வரும்போதே மூச்சு வாங்கியது. நர்ஸம்மா விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் அளவு 84. பையன் தன்னுடைய வண்டியிலேயே அப்பாவை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் பறந்தான். இடம் கிடைக்க ஆறு மணி நேரம் ஆனது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று ஆகிக்கொண்டிருந்த மாதம் அது.

மே 13 அன்று ஸ்டெர்லைட் வளாகத்திலிருந்து முதல் ஆக்சிஜன் டேங்கர் புறப்பட்டது. போன இடம் திருநெல்வேலி.

தன் அப்பாவின் மூக்கில் ஏறிய காற்று எங்கிருந்து வந்தது என்று பையனுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஆனால் வராந்தாவில் யாரோ ஒருவர் போனில் டேங்கர் செய்தியைக் காட்டியபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி இறந்தார். முகம்கூடச் சரியாகப் பார்க்க முடியாத அடக்கம்.

ஊரில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். ஆக்சிஜன் வேண்டாம் என்று கத்தினவன் அப்பனுக்கே கடைசியில் அதுதான் தேவைப்பட்டது என்றது ஒரு வாய். அந்த வாய்க்கு இரக்கம் கிடையாது. காற்றுக்கு ஏங்கும் மனிதனுக்குக் காற்று வேண்டும். அதே மனிதன் நல்ல நாளில் தன் ஊர்க் காற்றைக் கெடுக்காதே என்று கேட்கவும் செய்வான். இதில் என்ன முரண்பாடு?

ஆனால் ஊசி விஷயம் வேறு. அதில் பையனின் மூட்டை அவிழ்ந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள், துணை சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஊசி போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாவளா?"

இருந்திருப்பார் என்று நர்ஸம்மா சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியாது. அந்த மாதம் வந்த ஒரு கணக்கைச் சொன்னார். தமிழ்நாட்டுப் போலீஸ்காரர்கள் 1,17,524 பேரை வைத்து, பிப்ரவரி முதல் மே பாதி வரை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் எண்ணிய கணக்கு. ஊசியே போடாத 17,059 பேரில் கொரோனாவில் இறந்தவர்கள் 20 பேர். இரண்டு டோஸும் போட்ட 67,673 பேரில் இறந்தவர்கள் 4 பேர்.

போலீஸ் என்ற சொல் வந்ததும் பையன் முகம் மாறியது. பிறகு விரல் விட்டு எண்ணுவதுபோல் ஏதோ யோசித்தான். "அப்போ நாலு பேரு போட்டும் செத்திருக்கானுவ" என்றான்.

"ஆமா."

"மறைக்காம சொல்லிட்டியளே."

மறுநாள் அம்மாவைக் கூட்டி வந்தான். பக்க விளைவு என்னென்ன என்று வரிசையாகக் கேட்டான். கோவிஷீல்டில் மிக அரிதாக ரத்தம் உறையலாம், பத்து லட்சம் டோஸுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று மே மாதம் மத்திய அரசின் குழு சொன்னதையும் நர்ஸம்மா சேர்த்தே சொன்னார். தலைவலி விடாமல் இருந்தால், கால் வீங்கினால் உடனே கூப்பிடு என்றார். அம்மா போட்டுக்கொண்டார். பக்கத்துத் தெருவிலிருந்து உப்பள ஆச்சி இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, பத்து நாள் கழித்து, யாரும் கூப்பிடாமல் தானே நடந்து வந்தார். "புகையப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினார்.

ஜூலை 31 வந்தது. ஆக்சிஜன் அனுமதி முடிந்தது; நீட்டிக்கப்படவில்லை. தாமிரம் உருகவில்லை. தூத்துக்குடிக்கு வெளியே இது பெரிய செய்தியாகவில்லை. டேங்கர் போனபோது எடுத்த படங்களைப்போல் யாரும் இதைப் படம் எடுத்துப் போடவும் இல்லை. சொன்ன தேதியில் சொன்னபடி ஒன்று நின்றதை அந்த ஊர் அன்று பார்த்தது. செப்டம்பர் 12-ல் மாநிலம் முழுவதும் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். நர்ஸம்மாவின் கிராமத்தில் மதியத்துக்குள் மருந்து தீர்ந்து, பக்கத்து முகாமிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டியிருந்தது.

2024 பிப்ரவரி 29 அன்று, ஆலையைத் திறக்கக் கோரிய நிறுவனத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தூத்துக்குடியில் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். பையன் அண்ணாச்சியின் படத்துக்கு முன்னால் ஒரு லட்டு வைத்தான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு செய்தி. கோவிஷீல்டை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனம், மிக அரிதாக ரத்த உறைவு ஏற்படலாம் என்று பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாக. அன்று முழுவதும் நர்ஸம்மாவின் போன் ஓயவில்லை. சுவரில் எழுதிய கரி எப்போதோ அழிந்துவிட்டது. நம்பர் மட்டும் எல்லோர் போனிலும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இது அன்றைக்கே சொன்னதுதான், வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்திருக்கும், மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ராத்திரி ஒன்பது மணிக்குப் பையன் கூப்பிட்டான். அம்மாவைப் பற்றிக் கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு, "சரிக்கா, நீங்க அப்பமே சொன்னீயதான்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, மூன்றரை மாதக் குழந்தைக்கு அடுத்த ஊசி இந்த புதன்கிழமையா, அடுத்த புதன்கிழமையா என்று கேட்டான்.

"இந்த புதன். ராத்திரி காய்ச்சல் வரும், சொட்டு மருந்து தாரேன், பயப்படாத" என்றார் நர்ஸம்மா.